எரிமலைக்கு மூணு சுத்து

இதெல்லாம் ஒரு நெருப்பாம்மா? ஐயரும் வந்ததுலருந்து விசிறிக்கிட்டே இருக்காரு, அது எரியலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கு. நெய்யக் காட்டுறதோட சரி, ஊத்த மனசு வரல போல. நீங்க கண்ணக் கசக்காதீங்க. இந்தப் புகைக்கே இப்படின்னா, நான் போயிட்டு வந்த எடத்துக்கு நீங்க வந்திருந்தா என்ன ஆயிருப்பீங்க? இப்படித் தள்ளி காத்தாடிக்கு நேரா உக்காருங்க. மாப்பிள்ளை வீடா? மெட்ராசா? பாத்ததுமே நெனச்சேன். நாங்க பொண்ணு வீடு. எங்க வீட்டுக்காரவுக கூடப்பொறந்த தம்பி மகதான் பொண்ணு. அவுக எங்கன்னு கேக்காதீங்க, முதல் பந்தியில உக்காந்துட்டாக.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரங் கெடக்கு, சொல்றேன் கேளுங்க. நான் பாத்த நெருப்பு இந்த அருப்புக்கோட்டை ஊரு அகலம் இருக்கும். நெசமாத்தான். மேல பறந்துக்கிட்டே பாத்தேன், ஹெலிகாப்டர்ல. எரிமலைம்மா, எரிமலை! ஹவாய்னு ஒரு தீவு, அமெரிக்காவுல. எம் மகளுக்கு அங்கதான் கல்யாணம் ஆச்சு. ஆமா, எரிமலையிலதான். சிரிக்காதீங்க, முதல்லருந்து சொல்றேன்.

எனக்கு ஒரே மக. சங்கரேசுவரின்னு பேரு, ஈசுவரி ஈசுவரின்னு கூப்புடுவோம். கம்ப்யூட்டர் படிச்சு அமெரிக்கா போனா. போன எடத்துல கூட வேல பாத்த பையனப் புடிச்சிருக்குன்னா. பையன் நம்ம பக்கந்தான், மதுரை. செங்கதிர்னு பேரு. பேரக் கேட்டதுமே எங்க வீட்டுக்காரவுக சொன்னாக, இது கருப்புச் சட்டை வீடுடீன்னு. அதே மாதிரிதான் இருந்துச்சு. பையனோட அப்பா திருமாறன்னு, பள்ளிக்கூடத்துல பௌதிக வாத்தியாரா இருந்து ரிடையர்டானவரு. சம்சாரம் தவறிட்டாக. சாமி கெடையாது, ஜாதகம் கெடையாது, பையனுக்குப் பேரு வெச்சதே ராகுகாலம் பாத்துத்தானாம். நல்ல மனுசன், அதச் சொல்லணும். வரதட்சணைன்னு ஒரு பேச்சு இல்ல, ஜாதின்னு ஒரு கேள்வி இல்ல. ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. "சம்பந்தியம்மா, ஐயர் வேணாம், தீ வளக்க வேணாம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மத்ததெல்லாம்னா மிச்சம் என்ன இருக்கு? பந்தியில எல போடுறதா?

மக பிடிவாதமா நின்னா, சரின்னுட்டேன். மதுரையில பெரிய மண்டபம். மேடையில மைக்கு வெச்சுப் பேசுனாக, பேசுனாக, பேசிக்கிட்டே இருந்தாக. ஒருத்தர் பெண் விடுதலையப் பத்தி அம்புட்டு நேரம் பேசுனாரு, பொண்ணு நின்னுக்கிட்டே கெடந்தா. அப்புறம் ஒரு பெரியவர் தாலிய எடுத்துக் குடுத்தாரு, மாப்பிள்ளை கட்டுனாரு, மாலை மாத்துனாக, உறுதிமொழி வாசிச்சாக, கையெழுத்துப் போட்டாக. ஆச்சு. எல்லாரும் கை தட்டுறாக! கல்யாண வீட்டுல யாராச்சும் கை தட்டுவாகளாம்மா? நெருப்ப நடுவுல வெச்சு, சுண்டுவெரலப் புடிச்சுக்கிட்டு, மூணு சுத்து சுத்துனாத்தானே கல்யாணம்? இல்லைன்னா அது பள்ளிக்கூட ஆண்டு விழா.

நாலு வருசமா இத நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தேன். மககிட்ட ஒரு வார்த்தை சொன்னது கெடையாது. அசந்து தூங்கும்போது திக்குனு முழிப்பு வரும். எம் மக கல்யாணம் ஆகாம ஒருத்தரோட குடும்பம் நடத்துறாளேன்னு இருக்கும். அவரு தங்கமான புள்ளைதான். ஆனா சாட்சி யாரு? மைக்குக்காரனா?

அதான், போன வருசம் மக அமெரிக்காவுக்குக் கூப்புட்டதும் நான் ஒரு முடிவோடதான் போனேன். எங்க வீட்டுக்காரவுககிட்டகூடச் சொல்லல. சொன்னா மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துருவாக. சம்பந்தியும் அந்நேரம் மகன் வீட்டுக்கு வந்திருந்தாரு.

போனதும் முதல் வேலையா, அவுக வீட்டு நடுக்கூடத்துல ஒரு இரும்புச் சட்டிய வெச்சு, ஊருலருந்து கொண்டுபோன கட்டிச் சூடத்த அடுக்கினேன். திருஷ்டி கழிக்கிறேன், ரெண்டு பேரும் இதச் சுத்தி வாங்கன்னேன். பத்த வெச்சதுதான் தாமசம், கூரையில ஒரு வெள்ளை டப்பா ஒட்டியிருந்துச்சு, அது கத்துச்சு பாருங்க! ஊரையே கூட்டிருச்சு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா நாயத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிது. எங்க வீட்டுக்காரவுக பயந்து பாஸ்போர்ட்டத் தேடுறாக. சம்பந்தி மட்டும் நாற்காலி மேல ஏறி நின்னு, பேப்பரால அந்த டப்பாவ விசிறிக்கிட்டே சொல்றாரு, "வீட்டுக் கூரைக்கே பகுத்தறிவு வெச்சிருக்கான் சம்பந்தியம்மா." எனக்கு வந்த கோவத்துக்கு நாற்காலியத் தட்டி விட்டிருப்பேன்.

அப்பத்தான் மாப்பிள்ளை வந்து சொன்னாரு, அத்த, லீவுக்கு ஹவாய் போவோம், அங்க ஒரு எரிமலை இருக்கு, உள்ள நெருப்புக் குழம்பு கொதிச்சுக்கிட்டே இருக்கும், ஹெலிகாப்டர்ல ஏத்தி அதச் சுத்திக் காட்டுவாங்கன்னு. என்ன சொன்னீக, சுத்தியான்னேன். ஆமா அத்த, சுத்திச் சுத்திக் காட்டுவாங்கன்னாரு. எனக்கு உச்சி குளுந்து போச்சும்மா! நான் சட்டியில தேடுனத அம்மன் மலையில வெச்சிருக்கா. அந்த ஊருக்காரங்களும் அந்த மலைக்குள்ள ஒரு அம்மன் இருக்கான்னுதான் கும்புடுறாகளாம். மாப்பிள்ளை சொன்னாரு. பேரு சொன்னாரு, மறந்துட்டேன்.

டிக்கெட்டுல பறக்குறதுக்குப் போட்டிருந்த நேரம் சரியா ராகுகாலம். அதுலயும் ஒரு சந்தேகம், நம்ம ஊரு ராகுகாலமா, அந்த ஊரு ராகுகாலமா? இங்க பகல்னா அங்க ராத்திரி. நம்ம ஜோசியருக்குப் போன் போட்டேன். அவரு தூக்கத்துல எந்திரிச்சு, அந்த ஊருல சூரியன் எப்ப மொளைக்குதோ அதுலருந்து எண்ணிக்கம்மான்னுட்டு வெச்சுட்டாரு. எண்ணிப் பாத்தா ராகுகாலந்தான். சம்பந்திக்கு அது பிரசாதம் மாதிரி. ஆனா பாருங்க, அன்னிக்குன்னு மழை புடிச்சுக்கிருச்சு. மழை விட்டுத்தான் பறப்போம்னுட்டான் தாடி வெச்ச பைலட்டு. மழை விடவும் ராகுகாலம் முடியவும் சரியா இருந்துச்சு. மாப்பிள்ளை, லேட்டாகுது அத்த, சாரிங்குறாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

இன்னொரு கூத்து. ஹெலிகாப்டர்ல கருப்புத் துணிதான் போடணுமாம். வெளுப்பா, பளபளன்னு போட்டா கண்ணாடியில மின்னி வெளிய எதுவும் தெரியாதாம். சம்பந்திக்கு ஒரே சந்தோசம். "உலகமே நம்ம வழிக்கு வந்துருச்சு"ன்னு தெனம் போடுற கருப்புச் சட்டையத் தேய்ச்சு மாட்டிக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரவுககிட்ட இருக்குற ஒரே கருப்பு, சபரிமலைக்குப் போட்டுக்கிற சட்டை. குளுருக்கு ஆகும்னு பெட்டியில வெச்சிருந்தாக. அதப் போட்டுக்கிட்டு வந்தாக. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது யாரு சாமி கும்புடுறவரு, யாரு கும்புடாதவருன்னு அந்த ஊருக்காரனுக்கு என்ன தெரியும்?

நான் பட்டுத்தான் கட்டுனேன். கல்யாணத்துக்குப் பட்டு இல்லாம எப்படி? அரக்குக் கலரு, சரிகை இம்புட்டு அகலம். அங்க இருந்த பொண்ணு என் சரிகையப் பாத்துட்டு ஓடியாந்து ஒரு கருப்புக் கோட்ட எடுத்து மாட்டி, கழுத்து வரைக்கும் ஜிப்ப இழுத்து விட்டுருச்சு. இதுல கல்யாணப் பொண்ணு என்ன உடுத்தியிருந்தா தெரியுமா? ஜீன்ஸ் பேண்ட்டு. மாப்பிள்ளை அரை டவுசரு. போகட்டும். துணியப் பாத்தா அம்மன் வரம் குடுக்குறா? பூ கூடாது, பை கூடாதுன்னாக. அட்சதைய மட்டும் கைக்குட்டையில முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டேன்.

அப்புறம் எடை போட்டாக. எதுக்குன்னா, எடைய வெச்சுத்தான் எங்க உக்காரணும்னு அவுக முடிவு பண்ணுவாகளாம். என் எடை எம்புட்டுன்னு கேக்காதீங்க. எடை பாத்த பொண்ணு நல்ல வளப்பு, எழுதிக்கிட்டு மூஞ்சியில ஒண்ணும் காட்டல. நான் என்ன கணக்குப் போட்டிருந்தேன்? மகளும் மாப்பிள்ளையும் ஒட்டி உக்காருவாக, பயமா இருந்தா சுண்டுவெரலப் புடிச்சுக்கங்கன்னு நைசாச் சொல்லிரலாம்னு. அவிங்க போட்ட கணக்கு வேற. லேசான ஆளு முன்னாடியாம். பைலட்டுக்குப் பக்கத்துல ஓணான் மாதிரி ஒட்டிக்கிட்டுப் போனது சம்பந்தி, அவரு பக்கத்துல ஈசுவரி. பின்னாடி அந்த ஓரத்துல எங்க வீட்டுக்காரவுக, நடுவுல மாப்பிள்ளை, இந்த ஓரத்துல நான். பொண்ணு பக்கத்துல மாமனாரு, மாப்பிள்ளை பக்கத்துல மாமியா! இப்படி ஒரு மணவறைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீகளா? இறங்குறேன்னு எந்திரிச்சேன். பெல்ட்டப் போட்டு இறுக்கிட்டான்.

காதுக்கு ரெண்டு பெரிய மூடி மாட்டி விட்டாக. அதுலருந்து வாய்க்கு நேரா ஒரு கம்பி, கம்பி நுனியில பஞ்சு சுத்துன ஒரு கொட்டை. அது எதுக்குன்னு தெரியல, தூசி போகாம இருக்குறதுக்குப் போல. அந்த மூடியக் கழட்டுனா எஞ்சின் சத்தத்துல காது கிழியுது. மாட்டுனா எல்லாரும் பேசுறது காதுக்குள்ளயே கேக்குது. எங்க வீட்டுக்காரவுக கண்ண இறுக்கி மூடிக்கிட்டு முணுமுணுன்னு சாமியே சரணம், சாமியே சரணம்னு வந்தாக, அதுகூடக் கேட்டுச்சு. நல்ல மிசினு.

கெளம்புச்சு பாருங்க, ஐயோ, ராட்டினம் ஏறியிருக்கீகளா? அடி வயிறு கழண்டு கீழயே நின்னுருச்சு, நான் மட்டும் மேல போறேன். எனக்குப் பயம் இல்ல, சிரிப்பா வருது. சின்னப் புள்ள மாதிரி கெக்கெக்கேன்னு சிரிக்கிறேன். கீழ பச்சைப் பசேல்னு காடு, அப்புறம் திடீர்னு எல்லாம் கருப்பு. பூமியே அடி புடிச்ச பாத்திரம் மாதிரி கெடக்கு. அதுக்குள்ள சிவகாசிப் பக்கம் போனா ஒரு வாசம் வருமே, அந்த வாசம். அப்புறம் கண்ணு முன்னாடி, ஆத்தீ!

எங்களுக்கு நூல் யாவாரம். சாயப்பட்டறையில செவப்புச் சாயம் கொதிக்கிறதப் பாத்து வளந்தவ நான். அதே மாதிரிதான்மா, தொட்டிதான் ஊரு அகலம். மேல கருப்பா ஆடை படியுது, படிஞ்ச ஆடை டப்பு டப்புன்னு வெடிக்குது, வெடிப்புக்குள்ள தகதகன்னு செவப்பு. ஒரு ஓரத்துல பூவாணம் மாதிரி பீச்சிக்கிட்டு நிக்குது. கை எடுத்துக் கும்புட்டேன். கண்ணாடியில கை இடிச்சிருச்சு.

சம்பந்தி முன்னாடிருந்து வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. "சம்பந்தியம்மா, இது நெருப்பு இல்ல, உருகின பாறை. எரியிறது வேற, உருகுறது வேற."

"கைய வெச்சா சுடுமா சுடாதா?"ன்னேன்.

"சுடும்."

"அப்பச் சரி."

அதுக்கப்புறந்தான் வெனை. பைலட்டு சுத்த ஆரம்பிச்சான். எந்தப் பக்கம்? இடப் பக்கம்! நெருப்பு இடது கைப் பக்கம், எனக்கு வலப் பக்கச் சன்னல்ல வெறும் வானம். இடஞ்சுத்துறதுன்னா என்ன? எழவு காரியத்துக்குத்தானே இடஞ்சுத்துவாக! ஒரு சுத்துப் போனான். இன்னொரு சுத்தும் போயிட்டான். சாயத்தொட்டி மாதிரி கொதிக்கிற அக்கினிய எம் மக இடமாச் சுத்துறா, நானே கூட்டியாந்து சுத்த விடுறேன். திரும்பிப் போயிட்டாலும் போயிருவான், அப்புறம் என் ஆயுசுக்கும் இந்தச் சந்தர்ப்பம் வராது. யாருகிட்டச் சொல்ல? எனக்கு இங்கிலீசு தெரியாது. எங்க வீட்டுக்காரவுக கண்ணே தொறக்கல. மக முன்னாடி இருக்கா. மாப்பிள்ளைகிட்டச் சொன்னா அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சுரும்.

அம்மன்கிட்டத்தான் சொன்னேன். மனசுக்குள்ளதான் வேண்டுனேன். ஆனா அந்தச் சத்தத்துல மனசுக்குள்ள சொல்றது எனக்கே கேக்கல, அதனால வாய் விட்டுச் சொன்னேன். யாரு காதுல விழப் போகுது?

"தாயி, நீ எந்த ஊரு அம்மனோ, என்ன பேரோ, எனக்குத் தெரியாது. எம் மக நாலு வருசமா கல்யாணம் ஆகாமயே குடும்பம் நடத்துறா. அன்னிக்கு நடந்தது கல்யாணம் இல்ல, கூட்டம். இந்த மனுசன் வேணாம்னாரு, எம் மக மொகத்துக்காக நானும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். இன்னிக்கு உன்னையச் சாட்சி வெச்சு முடிச்சு வைக்கலாம்னு வந்தா, இந்தத் தாடிக்காரப் பய இடமாச் சுத்துறானே! அவன் புத்தியத் திருப்பு தாயி. வலமா மூணு சுத்து சுத்த வை. எம் மகளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வை"ன்னு, அழுகாத கொறையாக் கேட்டேன்.

அம்மனோட சக்தியப் பாருங்க, எல்லாரும் கப்சிப்புன்னு ஆயிட்டாக. அதுவரைக்கும் அங்க பாருங்க, இங்க பாருங்கன்னு வளவளன்னு வந்த மாப்பிள்ளை வாயே தொறக்கல. எங்க வீட்டுக்காரவுக சரணத்தக்கூட நிறுத்திட்டாக. ஈசுவரி அப்படியே நேராப் பாத்துக்கிட்டு அசையாம உக்காந்திருக்கா. அம்புட்டு பயபக்தி.

கொஞ்ச நேரங் கழிச்சு சம்பந்தி தொண்டையச் செருமுனாரு. பைலட்டுகிட்ட இங்கிலீசுல நீளமா என்னமோ சொன்னாரு. பைலட்டு திரும்பி என்னையப் பாத்தான், ஈசுவரியப் பாத்தான், சிரிச்சான். அம்புட்டுத்தான், ஹெலிகாப்டர் இந்தப் பக்கமாச் சாஞ்சுச்சு! வலப் பக்கம்! என் சன்னலுக்கு நேரா கீழ நெருப்பு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சம்பந்தி தமிழ்ல சொல்றாரு, "இந்தப் பக்கமாச் சுத்துனாத்தான் வெளிச்சம் நல்லா விழும். போட்டோவுக்கு நல்லது"ன்னு. அவரு கையில கேமராவும் இல்ல, போனும் இல்ல. வாத்தியாருக்கு ஞாபக மறதி.

விடுவேனா நான்? வலது கைய நீட்டி முன்னாடி இருந்த ஈசுவரி தோளத் தொட்டுக்கிட்டேன். இடது கையால மாப்பிள்ளை கையத் தேடுனேன். மாமியா மாப்பிள்ளை கையப் புடிக்கிறது மொறையில்லதான், பயமா இருக்கு மாப்பிள்ளைன்னு ஒரு பொய்யச் சொல்லிக்கிட்டேன். நான் கையத்தான் தேடுனேன், அவரா சுண்டுவெரல மட்டும் நீட்டுனாரு. அவுக வீட்டுப் பழக்கம் அப்படிப் போல. நல்லதாப் போச்சு. இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, நடுவுல நான் கரண்டு கம்பி மாதிரி.

ஒரு சுத்து. ஈசுவரி தோளு விறகுக்கட்டை மாதிரி வெறச்சுக் கெடந்துச்சு. பயம் போலன்னு தட்டிக் குடுத்தேன். ரெண்டாவது சுத்துலதான் அவ கைய எடுத்து என் கைமேல வெச்சா. அப்பப் பாத்து எனக்கு ஒண்ணு உறைக்குது. "ஐயோ தாயி, அவன் முன்னாடி இடமா ரெண்டு சுத்திட்டானே! இந்த ரெண்டும் அதுக்கு ஈடாப் போச்சே! இன்னும் மூணு வேணுமே!"ன்னு அடிச்சுக்கிட்டேன். உடனே சம்பந்தி பைலட்டு தோளத் தட்டி மறுபடி என்னமோ சொல்றாரு. "வெளிச்சம் பத்தல, இன்னும் மூணு சுத்து போகச் சொல்லியிருக்கேன்"ங்குறாரு. சொல்லும்போது அவரு தோளு ரெண்டும் குலுங்குது. மேல காத்து அதிகம்.

ஒண்ணு! ரெண்டு! மூணு! மூணாவது சுத்து முடியவும் கைக்குட்டைய அவுத்து ஒரு புடி அட்சதைய முன்னாடி பாத்து வீசுனேன். கேட்டா பிரயாணத்துக்குன்னு சொல்லிக்கலாம். பாதி ஈசுவரி தலையில, பாதி பைலட்டு காலருக்குள்ள. அவன் நெளிஞ்சுக்கிட்டே ஓட்டுறான். இன்னொரு புடிய மாப்பிள்ளை தலையில போட்டேன். எங்க வீட்டுக்காரவுக ஒரு கண்ண மட்டும் தொறந்து, "முடிஞ்சுச்சா?"ன்னாக. "முடிஞ்சுச்சு, கண்ணத் தொறங்க"ன்னேன். நாலு வருசப் பாரம் போயிருச்சும்மா. எறங்கும்போது என்னையத் திரும்ப எடை போட்டிருந்தா பாதிதான் இருந்திருப்பேன்.

எறங்குனதும் அந்தத் தாடிக்காரப் பையன் ஓடியாந்து ஈசுவரி கையையும் மாப்பிள்ளை கையையும் புடிச்சுக் குலுக்கி, கங்கிராஜுலேசன்ஸ், கங்கிராஜுலேசன்ஸ்ங்குறான். உசுரோட எறங்குனா அப்படிச் சொல்றது அங்க வழக்கம் போல. எனக்கும் சொன்னான். ஒரு அட்சதை அவன் தாடியில ஒட்டியிருந்துச்சு, நான்தான் எடுத்து விட்டேன்.

அப்புறம் நானும் ஈசுவரியும் பாத்ரூமுக்குப் போனோம். கண்ணாடியப் பாத்துத் தலையிலருந்து அரிசிய ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே கேக்குறா, "போதுமாம்மா? மூணு சுத்தும் கணக்கு வந்துருச்சா?"

எனக்குப் பக்குன்னுச்சு. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே நான்! அவ சிரிச்சா. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சேன். ரெண்டு பேரும் சுவத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம். சிரிப்பு நின்னுச்சு, அவளுக்குத் தண்ணி மட்டும் நிக்கல.

"அம்மா, எங்க கல்யாண வீடியோவுல நீ மேடை ஓரத்துல நின்னு தேம்பித் தேம்பி அழுவுற. ஞாபகம் இருக்கா?"ன்னா.

இருக்குன்னேன்.

"சந்தோசத்துல அழுவுறன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்மா. இங்க எனக்கு மனசு சரியில்லாதப்பல்லாம் அந்த எடத்த மட்டும் போட்டுப் பாப்பேன். இவருக்கும் போட்டுக் காட்டுவேன், எங்கம்மா எனக்காக எம்புட்டு சந்தோசப்பட்டா பாருங்கன்னு."

இல்ல தாயி, அது சந்தோசந்தான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைகிட்ட அம்புட்டு லேசா ஒரு பொய் சொன்னவதானே. மககிட்ட வாய் வரல. "இனிமே அதப் பாக்காத"ன்னேன்.

"வேற என்னத்தப் பாக்க? இருக்குறது அது ஒண்ணுதானே"ன்னுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வெளிய போயிட்டா.

ராத்திரி சாப்பாட்டுல எல்லாரும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. சம்பந்தி எனக்கு ஐஸ்கிரீம் எடுத்து வெச்சாரு. இப்பவும் வாராவாரம் போன் பண்ணுறா, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. கோவமெல்லாம் இல்ல. ஆனா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கும்மா. எம்புட்டுப் பெரிய நெருப்ப வலம் வந்தேன்! அந்த ஒரு வீடியோவ என்னால மாத்த முடியலையே.

இந்தா, கெட்டிமேளம்னுட்டாரு ஐயரு. எந்திரிங்க, எந்திரிங்க, எட்டிப் பாருங்க. தாலி கட்டுறான் பாருங்க. அந்தா தூண் பக்கத்துல பச்சைப் பட்டு கட்டி நிக்கிறா பாருங்க, அவதான் பொண்ணோட அம்மா, என் ஓரகத்தி பாண்டியம்மா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுக் குலுங்குறா. என்ன சொன்னீக, சந்தோசமா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அடியாத்தீ, வீடியோக்காரன் வெளக்கத் திருப்பி நேரா அவளையில்ல புடிக்கிறான்! என் செருப்பப் பாத்துக்கங்க. வழிய விடுங்கப்பா, கொஞ்சம் வழிய விடுங்க. ஏ பாண்டி! பாண்டி! சிரிடீ! கண்ணத் தொடச்சுக்கிட்டு இங்க பாத்துச் சிரிடீ! உம் மக இதப் போட்டுப் போட்டுப் பாப்பாடீ!